அக்காவுக்கு அடித்த போஸ்டர்

1

ஊரில் யாரிடமும் 'நான் கேலரி வைத்திருக்கிறேன்' என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது என்பதை ஆரம்பத்திலேயே கற்றுக்கொண்டேன். புதுக்கோட்டைப் பக்கம் கேலரி என்றால் ஒன்றுதான். ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசலை ஒட்டி இரண்டு பக்கமும் கட்டை கட்டி, பலகை போட்டு, ஆட்களை ஏற்றி உட்கார வைப்பார்களே, அது. என் சின்ன மாமனார் போனில் ரொம்ப அக்கறையாக விசாரித்தார்.

"ஏம்மா மீனா, அந்தக் குளிர்லயுமா மாடு புடிக்கிறாங்க? கேலரி எம்புட்டு ஒசரம் கட்டிருக்கீங்க?"

"மாடு இல்ல மாமா. படம் மாட்டி வைக்கிற எடம்."

"போட்டோக் கடையா?"

"இல்ல மாமா, வரைஞ்ச படம். தெருவுல, சுவத்துல வரையிற பிள்ளைங்க இருக்குல்ல, அதுக வரையிற படம்."

"சரிம்மா. ஆஸ்பத்திரி வேலைய மட்டும் விட்றாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விடவில்லை. இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வாரத்தில் பாதி நாள் இன்னும் நர்ஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மீதிப் பாதியில் கேலரிக்காரி. நானும் என் மகள் கயலும் சேர்ந்து நடத்துகிறோம். இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. ஆறு மாதம்கூடத் தாங்காது என்று சொன்னவர்கள் எல்லாரும் இப்போது எங்கள் இடத்தில் வந்து ஓசி டீ குடித்துக்கொண்டு, நாங்கள்தான் முதலிலேயே சொன்னோமே என்கிறார்கள். அந்தப் பெருமையைக் கொஞ்சம் அடித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. ஆண்டு விழாவுக்காக இங்கே என் மகள் ஒட்டிய ஒரு போஸ்டரால், அன்னவாசலில் என் அக்கா வீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பு அது காசு போட்டுத் துணி துவைக்கும் கடை. மெஷின்களைத் தூக்கிய பிறகும் தரையில் வரிசையாகச் சதுரம் சதுரமாகக் கறை இருந்தது. நான் பிளீச்சிங் பவுடரோடு குனிந்தபோது கயல் தடுத்தாள். "அதுவும் படம்தாம்மா, விடு" என்றாள். விட்டேன். உள்ளே மூன்று சுவர். வெளியே சந்துப் பக்கம் நீளமாக ஒரு செங்கல் சுவர். பெரிய கேலரிகள் வாசலிலேயே நிறுத்திவிடும் பிள்ளைகளுக்குத்தான் எங்கள் கதவு. ஸ்ப்ரே டப்பாவை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு பாலத்துக்கு அடியில் வரைகிறவன், பார்சல் லேபிளில் முகம் வரைந்து விளக்குக் கம்பங்களில் ஒட்டுகிறவள், இப்படி. தெருவில் வரைந்தால் அபராதம். எங்களிடம் வரைந்தால் பெயர் எழுதி, மேலே விளக்குப் போட்டு, விற்றும் கொடுப்போம்.

இதற்கு அனுமதி வாங்கக் கவுன்சில் ஆபீஸுக்கு நடந்த நடையைத் தனியாகவே எழுதலாம். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் எடுத்த எடுப்பில் கேட்டது, சமையல் புகை வெளியே போவதற்கு எங்கே குழாய் வைக்கப் போகிறீர்கள் என்று. சேலை கட்டியவள் கடை எடுத்தால் கறிக்குழம்புதான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். "புகை வராது, பெயிண்ட் வாசம்தான் வரும்" என்றேன். முகம் மாறியது. அதற்கு வேறு படிவமாம். அதையும் வாங்கி அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். புதுக்கோட்டைத் தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றிதழ் வாங்கியவளுக்கு இதெல்லாம் ஒரு ஆபீஸா?

2

கயல் இங்கே பிறந்தவள். தமிழ் பேசுவாள், அதுவும் அச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழ். "அங்கிட்டு வை, இங்கிட்டு நகத்து" என்று ஸ்ப்ரே டப்பாப் பிள்ளைகளையே விரட்டுவாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு 'இங்கிட்டு' என்கிறார்கள். படிக்கத்தான் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 'ங' வரைக்கும் வந்தாள். அந்த 'ங' அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய், நோட்டு முழுக்க யானையாகவும் நாற்காலியாகவும் அதையே வரைந்து வைத்தாள். டீச்சர் கண்டித்தார். அதோடு போக மாட்டேன் என்றுவிட்டாள். நானும் அவளை அடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. எழுத்து அவளுக்குப் படம்தான், படிப்பதற்கு இல்லை.

ஊருக்குப் போனால் கயல் ஒட்டிக்கொள்வது என் அக்கா வள்ளிக்கண்ணுவிடம். நாங்கள் இருவரும் பிறந்தது வல்லத்திராக்கோட்டை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது அன்னவாசல். அத்தான் போன பிறகு பஸ் நிற்கிற இடத்தருகே இட்லிக் கடை போட்டாள். பையன்கள் இரண்டு பேரையும் அந்த இட்லிச் சட்டியை வைத்துத்தான் ஆளாக்கினாள். ஒருவன் துபாயில், ஒருவன் திருப்பூரில். கடையை மூடிவிட்டு வந்து எங்களோடு இரு என்று இருவரும் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள். "ஒங்க வீட்டுல நான் என்னத்தக் கிழிக்கிறது?" என்பாள். சித்தன்னவாசலில் ஓவியம் பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளிடம்தான் வழி கேட்பார்கள். "மொதல்ல சாப்பிடுங்க, மலை எங்கிட்டும் ஓடிப்போயிறாது" என்று உட்கார வைத்துவிடுவாள். கயல் அந்தக் கடையில் ஆவிக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து பெரியம்மாவை வரைந்துகொண்டே இருப்பாள். ஒரு விடுமுறை முழுக்க அது மட்டும்தான் செய்தாள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எதிர்ச் சுவரில் வழக்கம்போல வரிசையாகக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள். அவற்றோடு கலந்து காதுகுத்து, கல்யாணம், பிறந்தநாள் வாழ்த்து. கயல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பெரிய பெரிய முகம், பெரிய பெரிய எழுத்து. இவர்கள் எல்லாம் யார் என்று அப்பாவைக் கேட்டாள். என் வீட்டுக்காரர் முருகேசன் யோசித்துவிட்டு, "எல்லாருக்கும் தெரிஞ்சவங்கம்மா. ரொம்ப மதிப்பானவங்க" என்றார். பஸ்ஸுக்குப் போகிற நேரத்தில் குழந்தையிடம் சாவைப் பற்றிப் பேச அவருக்கு வாய் வரவில்லை. நம் வீடுகளில் யார்தான் பேசுகிறோம்? ஊருக்குப் போயிருக்காங்க, சாமிகிட்ட போயிட்டாங்க என்று எதையாவது சொல்லி மழுப்பிவிடுகிறோம். கயல் தன் சின்னக் காமிராவில் ஒரு போஸ்டரைப் படம் பிடித்துக்கொண்டாள். கீழ்ப் பாதி கிழிந்துபோன போஸ்டர். மேலே தலைப்பு, நடுவில் ஒரு முகம், பெயர், 'தோற்றம்' என்று ஒரு தேதி. அதற்குக் கீழே இருந்திருக்க வேண்டிய 'மறைவு' ஏதோ மாட்டின் வயிற்றுக்குப் போயிருந்தது.

அந்தப் படத்தை அவள் இத்தனை வருடமும் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

3

ஆண்டு விழா ஒரு சனிக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் கயல் ஒரு வாளி பசை கேட்டாள். சுவரில் காகிதம் ஒட்டுகிற பிள்ளைகளுக்கு நான்தான் பசை காய்ச்சிக் கொடுப்பது. மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடி பிடிக்காமல் கிண்டி இறக்கினால் மழைக்குக்கூட அசையாது. இந்த ஊரில் மழைக்கு அசையாத பசை என்றால் சும்மாவா?

"என்னத்துக்குடி இம்புட்டு?" என்று கேட்டேன்.

"சர்ப்ரைஸ்மா. நாளைக்கு ட்யூட்டி முடிச்சிட்டு வா, பாரு."

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே அவள் வீட்டில் இல்லை. பத்து மணி வாக்கில் டீ குடிக்கப் போகையில் போனைத் திறந்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழு முழுக்கக் கும்பிடு போட்ட கைகள். 'ஆழ்ந்த இரங்கல்'. 'ஆத்மா சாந்தியடைய வேண்டுகிறோம்'. யாரோ பெரியவர் போய்விட்டார் போலிருக்கிறது என்று மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஒருத்தி எழுதியிருந்தாள்: 'நேத்துக்கூட வள்ளிக்கண்ணு அக்கா கையால இட்லி சாப்பிட்டேனே.'

குழுவின் மேலே ஒரு படம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் சிக்னல் சரியாக வராது, அது மங்கலாக நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. துபாய்ப் பையனைக் கூப்பிட்டேன், அதுவும் பிஸி. எத்தனை பேருடைய உறவுகளுக்கு நான் இந்தச் செய்தியைச் சொல்லியிருக்கிறேன்! உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் சொல்வோம். எனக்கு நாற்காலி போட யாரும் இல்லை. துணி அடுக்கும் அறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆத்தா போனபோது நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். இப்போது அக்காவையும் அப்படித்தான் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு போனுக்குத்தான்.

மறுபடி அடித்தேன். மணி போனது.

"என்னடி, நீயுமா?" என்றது அக்காவின் குரல்.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது. அக்கா, அக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. நான் ஓய்கிற வரைக்கும் பேசாமல் இருந்தாள்.

"அக்கா, நீ இருக்கியா?"

"நான் எங்க போவேன், மாவு ஆட்டிக்கிட்டு இருக்கேன். மத்தியானத்துலருந்து போன் நின்ன பாடில்ல. நான் எடுத்து ஹலோங்கவும் ஐயோன்னு வச்சிர்றாங்க. யாரோ எனக்குப் போஸ்டர் ஒட்டிருக்காங்களாம்."

"யாரு ஒட்டுனா? எங்க?"

"ஒங்க ஊர்லதான்டி. நம்ம அன்னவாசல் செந்தில் இல்ல, கம்ப்யூட்டர் வேலைக்கு அங்கிட்டு வந்திருக்கானே, அவன் ஆபீஸ் போற வழியில பாத்துட்டு போட்டோ எடுத்துப் போட்ருக்கான்."

அழுகைச் சத்தம் கேட்டு வார்டு தலைமை நர்ஸ் ஓடி வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். "என் அக்கா சாகவில்லை" என்றேன் ஆங்கிலத்தில். அந்த அம்மாளுக்கு ஆறுதல் சொல்வதா வாழ்த்துச் சொல்வதா என்று தெரியவில்லை. தோளைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் போனில் படம் தெளிந்தது. பின்னால் தெரிந்தது எங்கள் செங்கல் சுவர்.

4

போய்ச் சந்து முனையில் திரும்பினேன். சுவரை அடைத்துக்கொண்டு என் அக்கா இருந்தாள்.

இரண்டு ஆள் உயரம். கறுப்பு வெள்ளைக் கோடு, மூக்குத்தி மட்டும் மஞ்சள். தலையைச் சுற்றி இட்லி ஆவி. நெற்றியில் கலைந்த முடியும், யாரையோ திட்டிவிட்டுச் சிரிப்பை அடக்கும் வாயும் அவளேதான். நூறு படத்தை மாட்டிக் கழற்றியவள் சொல்கிறேன், எங்கள் கேலரிக்கு வந்ததிலேயே நல்ல படம் அதுதான். அதன் தலைக்கு மேலே, பஸ் ஸ்டாண்டுப் போஸ்டரில் இருக்கிற அதே தடித்த எழுத்தில், ஒரு சுழிகூடத் தப்பாமல், கண்ணீர் அஞ்சலி. கீழே பெயர், கடைப் பலகையைப் பார்த்து எழுதியது. அதற்கும் கீழே தோற்றம் என்று தேதி. ஒட்டியிருந்தது நான் காய்ச்சிய பசை.

கயல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "எப்படிம்மா இருக்கு? பெரியம்மாவ இந்த ஊருக்கே தெரிய வைக்கப் போறேன்."

"மேல என்ன எழுதிருக்க?"

"அது, பெரிய ஆளுங்களுக்கு எழுதறது. அப்பா சொன்னாங்கள்ல."

"கண்ணீர் அஞ்சலி."

"அஞ்சலியா? அது யாரு?"

கோபமாக வந்தது, சிரிப்பும் வந்தது, எதை விடுவது என்று தெரியவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். இது செத்தவர்களுக்கு ஒட்டுவது என்றேன். காலையிலிருந்து நடந்ததைச் சொன்னேன். குழுவில் வந்த கும்பிட்ட கைகளைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கிச் சுருங்கிச் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது.

முருகேசனுக்குப் போன் போட்டாள். அவர் வேலையில் இருந்தார். "அப்பா, பஸ் ஸ்டாண்டுல நான் கேட்டப்ப நீங்க ஏன் உண்மையச் சொல்லல?" என்று கேட்டாள். அவருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சின்னப்புள்ளைகிட்ட சாவப் பத்தி எப்படிம்மா சொல்றது?" என்றார். போனை வைத்துவிட்டாள்.

கயல் உள்ளே போய்ச் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "யாருக்கோ செஞ்சிருந்தாக்கூடப் பரவால்லம்மா. பெரியம்மாவுக்குப் போய் இப்படிச் செஞ்சிட்டேனே. நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றாள். "நாளைக்குக் கதவு தெறக்க வேணாம். எனக்கு இது வேணாம். படிக்கவே தெரியாத ஒண்ண எடுத்து வரையிறதுக்கு நான் யாரு? இனிமே நான் வரையல."

நாளைக்குக் கதவு திறக்காவிட்டால் உள்ளே மாட்டியிருக்கும் மற்றப் பிள்ளைகளின் படங்களும் போச்சு. அது ஒரு பக்கம். இவள் சொன்னதைச் செய்கிறவள், அதுதான் எனக்குப் பயம். தமிழ்ப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள், இன்றுவரை போகவில்லை. வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டால், பென்சிலையே தொடாமல் எங்கேயாவது ஒரு ஆபீஸில் போய் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் கேலரியின் உயிரே அவள் கண்தான். நான் வெறும் பசை. அவள் ஏணியை இழுத்து அக்காவின் முகத்துக்கு நேராகப் போட்டாள். அந்த நேரம் என் போன் அடித்தது. அக்கா, வீடியோவில்.

5

அங்கே அவள் வீட்டு வாசலில் பந்தல்தான் போடவில்லை, மற்றதெல்லாம் இருந்தது. போனைச் சுற்றிக் காட்டினாள். வாசல் நிறைய ஆட்கள்.

"வல்லத்திராக்கோட்டையிலருந்து வேன் புடிச்சு வந்துட்டாங்கடி. முக்குத் திரும்பறப்பவே ஒப்பாரி. நான் மாவுக் கையோட வாசல்ல நிக்கிறேன். வேன்ல வந்த பெரியசாமி பொண்டாட்டி என்னையப் பாத்து அப்படியே மடங்கி ஒக்காந்துருச்சு. மாலை வேற வாங்கிட்டு வந்திருக்காங்க. அத என்ன பண்றது? எதுத்த வீட்டு ஆட்டுக்குப் போட்டேன், தின்னுருச்சு."

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"எங்கிட்டுப் போறது? கேதம் கேக்க வந்த வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு தண்ணிகூடக் குடிக்காம ஒதுங்கி நின்னாங்க. எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். எலையப் போட்டு, 'சாப்பிட்டீங்கன்னா நான் உசுரோட இருக்கேன், சாப்பிடாமப் போனீங்கன்னா நான் செத்தவ, எப்படி வசதி?'ன்னு கேட்டேன். அம்புட்டுப் பேரும் ஒக்காந்துட்டாங்க. நாளைக்கு வச்சிருந்த மாவு காலி. இப்ப என்னன்னா, வீட்டுக்குப் போயித் தலை முழுகணுமா வேணாமான்னு ஒரே பஞ்சாயத்து."

எனக்குப் பின்னால் ஏணி மேல் நின்றுகொண்டு கயல் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. "இனிமே நான் வரையவே மாட்டேன்" என்று மறுபடியும் முனகினாள், நான் அக்காவுக்குக் கேட்காமல் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.

"அவளக் குடு" என்றாள் அக்கா.

கயல் இறங்கி வந்து போனை வாங்கினாள். "பெரியம்மா, தெரியாமச் செஞ்சிட்டேன். இப்பவே கிழிச்சிடறேன்."

அக்காவின் முகத்தில் இருந்த விளையாட்டுப் போய்விட்டது. "கிழிப்பியா? உசுரோட இருக்கறவ மூஞ்சியச் சுரண்டப் போறியா? ஒட்டுனது அபசகுனம் இல்ல, கிழிக்கிறதுதான் அபசகுனம். கையில என்ன அது? கீழ போடு."

கயல் தகட்டைக் கீழே போட்டாள்.

"மொதல்ல படத்தக் காட்டு. செந்தில் அனுப்புனதுல எழுத்துதான் தெரியிது, நான் தெரியல."

கயல் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். எவளோ வாயாடி ஒருத்தி ஏதோ சொல்ல வந்ததை அக்கா கையமர்த்தியது தெரிந்தது.

"மூக்குத்திய அங்கிட்டு மாத்திக் குத்திருக்க" என்றாள் அக்கா. செல்பி பார்த்து வரைந்திருக்கிறாள், இடம் வலம் மாறிவிட்டது. "தேதியும் தப்பு. அது ஆதார் கார்டுக்காரன் போட்ட தேதி. நான் பொறந்தது ஆடியில."

"சரி பெரியம்மா."

"நான் இம்புட்டு அழகாவாடி இருக்கேன்?"

கயல் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இங்க பாரு ஆத்தா. இந்த ஊர்ல ஆம்பளைக்கு மாடு புடிச்சாப் போஸ்டரு, மாமன் மகன் காது குத்துனாப் போஸ்டரு, பொறந்த நாளுக்குப் போஸ்டரு. பொம்பளை மூஞ்சி சுவத்துல ஏறணும்னா ஒண்ணு ஓட்டுக் கேக்கணும், இல்ல சாகணும். ரெண்டும் இல்லாம நீ என்னைய ஏத்திருக்க. நான் இன்னும் பத்து நாளைக்கு இதச் சொல்லியே இட்லி விப்பேன். இத விட்டுட்டு வரைய மாட்டேங்கிறியாமே?"

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"ஒங்கம்மா போன நெஞ்சோட சேத்துப் புடிச்சிருந்தா, எனக்குக் கேக்காதா? நான் செத்துட்டேன்னு ஊரே வந்து நிக்கிது, நானே மாவு ஆட்டறத நிறுத்தல. நீ எதுக்கு நிறுத்துற?"

கயல் அழுதாள். அழுதுகொண்டே, "மேல இருக்கறத மட்டும் மாத்திடறேன் பெரியம்மா. என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள்.

அக்கா யோசிக்கக்கூட இல்லை. "போன்ல கேட்டவங்களுக்கெல்லாம் என்ன சொன்னேனோ அதையே எழுது. நல்லாருக்கேன்."

6

சந்துத் தரையில் நான் சாக்கட்டியால் எழுதிக் காட்ட, கயல் பெரிய காகிதத்தில் பார்த்து எழுதினாள். முதலில் ர வரவேண்டிய இடத்தில் ற போட்டாள், ஏனென்று கேட்டால் அதுதான் பார்க்க நன்றாக இருக்கிறதாம். இந்த ஒரு தடவை எழுத்தைப் படமாகப் பார்க்காதே, நான் சொல்கிறபடி எழுது என்றேன். ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொல்லிச் சொல்லி எழுதினாள். கண்ணீர் அஞ்சலியின் மேல் நல்லாருக்கேன் ஏறியது. மூக்குத்தியும் இடம் மாறியது. தேதியை எடுத்துவிட்டு ஆடி மாதம் என்று மட்டும் போட்டோம்.

சனிக்கிழமை கதவைத் திறந்தோம். கூட்டத்துக்குக் குறைவில்லை. உள்ளே பார்சல் லேபிள் பெண்ணின் படங்கள் பாதிக்கு மேல் விற்றன. ஆனால் எல்லாரும் நின்றது வெளியே, அக்காவின் முன்னால். இது யார், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் கயல் முழுக் கதையையும் சொன்னாள், தான் செய்த தப்பையும் சேர்த்து. வயதான வெள்ளைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு, தனக்கும் ஒன்று இப்போதே போட முடியுமா என்றார். செந்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்து சந்து முனையிலேயே நின்றான். நான்தான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவன்மேல் என்ன தப்பு? எழுதியிருந்ததைப் படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைக் கூப்பிட்டேன். விழா நடந்ததைச் சொன்னேன். எதிர்க் கடைக்காரி ராக்கம்மாவும் பூ விற்கிற அம்மாளும் தங்களையும் சுவரில் ஏற்றச் சொல்லி நச்சரிக்கிறார்களாம். கயல் பொங்கலுக்கு அங்கே வந்து அன்னவாசல் பொம்பளைகளை வரிசையாக வரையப் போகிறாள், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். பிறகு, "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க" என்றாள்.

"சொல்லுக்கா."

"ஆத்தா போனப்ப நீ வர்றதுக்குள்ள எடுத்துட்டோம். அன்னைலருந்து ஒனக்கு மனசுல அது கெடந்து அறுக்குது. எனக்குத் தெரியும், நீ சொல்ல மாட்ட. நாளைக்கு எனக்கும் அப்படித்தான் ஆகும். ஃபிளைட்டு கெடச்சு, நீ திருச்சியில எறங்கி வர்ற வரைக்கும் யாரு வச்சிருப்பா?"

"சும்மா இருக்கா."

"சொல்றத முழுசாக் கேளு. வெள்ளிக்கிழமை நீ போன்ல அழுத பாரு, நான் செத்துட்டேன்னு நெனச்சு. அத முழுசாக் கேட்டேன்டி. போன வைக்க மனசில்லாமக் கேட்டேன். செத்த எவளுக்கும் அது கெடைக்காது. அதனால அன்னைக்கு நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி. பதறிக்கிட்டு ஓடி வரணும்னு இல்ல. எனக்கு நீ அழுதாச்சு."

அழுகையை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. மூக்கை உறிஞ்சியது அவளுக்குக் கேட்டுவிட்டது.

"இப்ப என்னத்துக்குடி அழுகற?" என்றாள் அக்கா. "அதான் முடிஞ்சிருச்சுல்ல."